சுருட்டிய பாவு

சபாபதிக்கு ஓட்டப்பைத்தியம் என்று பிள்ளையார்பாளையத்தில் பெயர். தறிக்குழியில் காலை விட்டு உட்கார வேண்டிய பிள்ளை, விடியற்காலையில் ஏரிக்கரையைச் சுற்றி ஓடினால் வேறு என்ன பெயர் வைப்பார்கள்? அப்பா வேலாயுதம் வையக்கூட இல்லை. தீபாவளியோடு அவனிடம் பேச்சையே நிறுத்திவிட்டார். ஒரே வீடு, ஒரே குழம்பு, பக்கத்துப் பக்கத்துத் தறி. ஆனால் மகனுக்குச் சொல்ல வேண்டியதையெல்லாம் பெண்டாட்டி காமாட்சியம்மாளிடம்தான் சொல்வார். "அவங்கிட்ட சொல்லு, சாப்பாடு ஆறிப்போவுது." அவன் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருப்பான். வீம்பு என்றால் அப்படியொரு வீம்பு.

எழுபத்தொன்றோ எழுபத்திரண்டோ, குடியரசு தினத்தன்று ஊர் இளைஞர் மன்றம் ஒரு பந்தயம் வைத்தது. பிள்ளையார்பாளையத்துத் திடலில் கிளம்பி, ஓரிக்கை தாண்டிப் பாலாற்றங்கரையோடு ஓடி, பழையசீவரம் மலை ஏற வேண்டும். உச்சியில் இருக்கும் ஆளிடம் மணிக்கட்டில் சிவப்பு நூல் கட்டிக்கொண்டு, ஓரிக்கை வழியே திரும்ப வேண்டும். கடைசியில் சபாபதி குடியிருக்கும் தெருவைக் கடந்தால் திடல். முதல் ஆளாகத் தன் வீட்டு வாசலைத் தாண்டி ஓடினால், அப்பா வெளியே வந்து பார்க்காமல் இருந்துவிடுவாரா? பார்த்தபிறகும் பேசாமல் இருந்துவிடுவாரா? அவனுக்கு வேண்டியது அந்த ஒரு பேச்சுதான். கோப்பையை யார் வேண்டுமானாலும் கொண்டுபோகட்டும்.

அன்று காலை தெரு முழுக்கப் பாவு நீட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வீடு பட்டிழைகளை நீளவாக்கில் இழுத்துக் கட்டி, அறுந்ததை முடிந்து, சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலாயுதமும் தம் பாவின் தலைமாட்டில் நின்றார். தைப்பனி ஆகாது அவருக்கு. இளைப்பு. துண்டை மோவாயைச் சுற்றிக் காதோடு இறுக்கிக் கட்டியிருந்தார்.

"இன்னிக்கின்னு பாத்து ஓடணுமா?" என்றாள் காமாட்சியம்மாள். "பாவை இழுத்துப் புடிக்க ஆள் வாணாமாப்பா?"

"ஏகாம்பரம் சித்தப்பா புடிக்கிறேன்னு சொல்லிக்கிறாரும்மா. நாங்க திரும்பி வர்றப்ப ஓட வழி வேணும். கொஞ்சம் பாவை ஒதுக்கிக்கச் சொல்லேன்."

வேலாயுதம் இழையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "சாவு வுழுந்தாத்தான் இந்தத் தெருவுல பாவைச் சுருட்டுவாங்க. தொரை ஓடறாருன்னு சுருட்ட மாட்டாங்கன்னு அவங்கிட்ட சொல்லுடி."

சபாபதி திடலுக்குப் போனான்.

ஓரிக்கை வரைக்கும் கூட்டமாகத்தான் ஓடினார்கள். ஆற்றங்கரை மணலில் பாதிப்பேர் நின்றுவிட்டார்கள். மலையடிவாரத்தில் மிஞ்சியது நாலைந்து பேர். அவர்களில் முசரவாக்கத்து ஆதிகேசவன் என்ற விவசாயி வீட்டுப் பிள்ளைதான் சூரன். சேற்றில் உழுத காலாச்சே, சும்மாவா? ஆனால் ஏற்றத்தில் சபாபதியை எவனாலும் பிடிக்க முடியவில்லை. பத்து வயதிலிருந்து தறியின் மிதிகட்டையை மிதித்த கால் அவனுடையது. படியை விட்டுவிட்டுப் பாறை மேலேயே ஏறினான். உச்சியில் நூல் கட்டியவன், "ஒன்பின்னாடி யாரையும் காணோம்பா" என்றான்.

ஏறுவதா பெரிசு, இறங்குவதில் அல்லவா இருக்கிறது வினை! சரளை சறுக்கி, காரை முள்ளுக்குள் விழுந்தான். முழங்கால் பிளந்துகொண்டது. ஆதிகேசவன் அவனைத் தாண்டிப் போகும்போது திரும்பிப் பார்த்து, "ஒக்காந்துக்கோ நெசவாளி!" என்று சிரித்தான். சபாபதிக்கு வலியைவிட அந்தச் சிரிப்புதான் எரிந்தது. எழுந்தான். நொண்டினான். நொண்டலே ஓட்டமானது. வெயில் ஏற ஏற வாய் உலர்ந்து நாக்கு ஒட்டிக்கொண்டது. ஓரிக்கை தாண்டி ஆதிகேசவன் விலாவைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது, இவன் அவனைப் பார்க்காமலேயே கடந்தான்.

தெருமுனை திரும்பினான். திரும்பியவனுக்கு நம்பவே முடியவில்லை.

தெருவில் ஒரு பாவு இல்லை. இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை வெறும் மண். ஜனமெல்லாம் இரண்டு பக்கமும் ஒதுங்கி நின்றது. தறிச்சத்தம்கூட இல்லை.

சாவு என்ற நினைப்பு அவனுக்கு வரவில்லையா என்று கேட்காதீர்கள். அவ்வளவு தூரம் ஓடி ஜெயிக்கப் போகிறவன் புத்தியில் அது எப்படி வரும்? அப்பா மனசு இரங்கிவிட்டார், அவர்தான் சொல்லிச் சுருட்ட வைத்திருக்கிறார் என்றே அவன் நினைத்தான். நினைத்ததற்கு ஏற்ற மாதிரி, வீட்டு வாசலில் நாற்காலி போட்டு அப்பா உட்கார்ந்திருந்தார்! தெருவைப் பார்த்தபடி, காலையில் கட்டிய அதே துண்டுக்கட்டோடு. அம்மா பக்கத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

கண்ணில் வேர்வை வழிந்தது. அழுகையும் வந்தது. சபாபதி இரண்டு கையையும் தூக்கி, வாய்கொள்ளாமல் சிரித்து, "அப்பா! ஜெயிச்சுட்டேம்பா!" என்று கத்திக்கொண்டே வாசலைக் கடந்து ஓடினான்.

திடலில் மாலை போட்டார்கள். மேளக்காரன் தட்டினான். தன் தெரு ஆட்கள் ஒருவரும் அங்கே இல்லையே என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஏகாம்பரம் சித்தப்பா வந்தார். அவன் கழுத்து மாலையைக் கழற்றினார்.

"வாப்பா. அண்ணன் பூட்டாரு."

"இப்பத்தானே பாத்தேன்! வாசல்ல ஒக்காந்துக்கினு..."

"ஒக்கார வெச்சிருந்தோம்பா. நீ போன கொஞ்ச நேரத்துல. நான் பாவைப் புடிக்கப் போனேன், வுடல. எம்புள்ள புடிக்கணும், இல்லாங்காட்டி நானே புடிப்பேன்னு இழுத்தாரு. இழுத்த மேனிக்கே பாவு மேல சாஞ்சுட்டாரு."

சபாபதி வீட்டுக்கு நடந்தான். முழங்காலிலிருந்து ரத்தம் பாதம் வரை காய்ந்திருந்தது. ஒப்பாரி அப்போதுதான் தொடங்கியிருந்தது. அவன் தாண்டிப்போகும் வரை சத்தம் வரக்கூடாதென்று காமாட்சியம்மாள் எல்லாரையும் அடக்கி வைத்திருந்தாளாம்.

அப்பா காலடியில் போய் விழுந்தான். கிட்டத்தில் பார்த்தபோது துண்டு அதேதான், முடிச்சுதான் வேறு யாரோ போட்டது. சுவரோரம் பாவைச் சுருட்டி வைத்திருந்தார்கள். அறுந்த இழைகள் தரையில் தொங்கின.

"சிரிச்சுக்கினு போனேனேம்மா," என்றான். "தெருவே பாத்துதே. ஏம்மா மறிக்கல?"

"நான்தான் வாணாம்னேன். அதுக்குத்தானே போன, முடிச்சுக்கினு வரட்டும்னேன்."

"அப்பா எங்கிட்ட சொல்லச் சொல்லி ஒண்ணுமே சொல்லலியா?"

அவள் அவன் மணிக்கட்டிலிருந்த சிவப்பு நூலைப் பார்த்தபடி சொன்னாள்.

"சொன்னாரு. சாயறப்ப சொன்னாரு. 'அவங்கிட்ட சொல்லுடி, பாவு தளருது, வந்து புடிக்கச் சொல்லு'ன்னாரு. நீதான் இல்லியேப்பா."