மீன் ஆகாதவள்

மீன் பதப்படுத்தும் ஆலையில் அவளை எல்லோரும் மின்னல் என்றுதான் கூப்பிட்டார்கள். செவுளுக்குப் பின்னால் கத்தியை வைத்தால் வால்வரை ஒரே இழுப்பு; முள் தனி, சதை தனி. அடுத்த மேசையில் செதில் உரசும் அவள் கணவன், "கொஞ்சம் மெதுவா வெட்டேன், எங்க மானம் போகுது" என்பான்.

முதலில் மணிக்கட்டில் தடிப்பு வந்தது. கையுறையை மாற்றிப் பார்த்தாள். அடுத்து இருமல். வேகவைக்கும் பகுதியின் கதவு திறந்து ஆவி வந்தால் நெஞ்சுக்குள் விசில் அடித்தது. ஒரு நாள் கத்தியைப் போட்டுவிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டாள். உதடு நீலம் பாரித்திருந்தது. கணவன்தான் தாங்கிப் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான்.

அலர்ஜி மருத்துவர் அவள் கையில் தூசி, இறால், மீன் என்று ஒவ்வொன்றின் சாற்றையும் சொட்டுச் சொட்டாக வைத்துக் குத்திப் பார்த்தார். மீன் சாறு வைத்த இடம் மட்டும் வீங்கிச் சிவந்தது.

"மீன் சதையில கால்சியத்தப் பிடிச்சுக்கிற ஒரு புரதம் இருக்கும்மா. வால விசுக்குன்னு அடிச்சதும் தசை உடனே தளரணும் இல்லையா, அதுக்கு. வேகவெச்சாலும் லேசுல அழியாது. ஆவியோட வர்றத வருஷக்கணக்கா மூச்சுல இழுத்திருக்கீங்க. இப்ப உங்க உடம்பு அத எதிரின்னு முடிவு பண்ணிடுச்சு."

"எனக்குள்ள அது கிடையாதா டாக்டர்?"

"நம்ம தசையில இல்லன்னே சொல்லலாம். மூளையில சில நரம்புல இருக்கு. இதயத்துல கால்சியத்தப் பிடிக்கிறது வேற, குடல்ல வேற. எல்லாம் ஒரே குடும்பம், ஆளுக்கொரு வேலை. சொந்தத்த உடம்பு விட்டுடும். மீனோடதுதான் ஆகல."

"சொந்தக்காரங்களோட ஒத்துப்போகாதது இவளுக்குப் புதுசில்ல டாக்டர்" என்றான் கணவன். அவள் முறைத்தாள். மருத்துவர் சிரிக்கவில்லை.

"இனிமே அந்த ஆலைக்குள்ள கால் வைக்கக் கூடாது."

வீட்டில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்தாள். தெருவில் ஆலை வண்டி ஹாரன் அடித்தால் கால் தானாகச் செருப்பைத் தேடியது. மாலையில் கணவன் உள்ளே வந்தாலே மூச்சு இழுத்தது. அவன் ஆலையிலேயே குளித்து, வேறு உடுப்பில் வரத் தொடங்கினான். அப்படியும் ஒரு தடவை அவன் தோளில் சாய்ந்தவள் விடாமல் இருமினாள். அன்றிலிருந்து அவன் கூடத்தில் படுத்துக்கொண்டான். அது அவளுக்கு இருமலைவிடக் கொடுமையாக இருந்தது.

ஒரு காலையில் அவன் போன பிறகு அவளும் கிளம்பிவிட்டாள். மேற்பார்வையாளரின் கையைக் காலைப் பிடித்து, அட்டைப்பெட்டி ஒட்டும் அறையில் இடம் வாங்கினாள். அங்கே மீனே இல்லை. சுவருக்கு அப்பால் இருந்தது, அது போதுமாயிருந்தது. கொஞ்ச நேரத்தில் தொண்டை அடைத்தது. யாரோ ஓடிப்போய்ச் சொல்ல, கணவன் அவளை வெளியே இழுத்துவந்து மருத்துவர் தந்திருந்த இன்ஹேலரை வாயில் வைத்தான்.

மூச்சு திரும்பியதும் கத்தினான். "என்ன நெனப்புல வந்த?"

"எனக்கு வேற என்ன தெரியும்? அந்த நாலு சுவத்துக்குள்ள பைத்தியம் பிடிக்குது."

"வீட்டுக்குள்ள வர்றதுக்கே நான் யோசிக்க வேண்டியிருக்கு. இப்படி ரொம்ப நாள் ஓட்ட முடியாது."

அவள் அவன் சட்டையைப் பிடித்தாள். "என்னை விட்டுட்டுப் போகப் போறீங்களா?"

"லூசா நீ? மீனை விட்டுட்டுப் போறேன். தண்ணி பாட்டில் கம்பெனியில வேலை கேட்டு வெச்சிருக்கேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"நீ மட்டும் சொல்லிட்டா இங்க வந்த?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் மறுபடி இருமல் வந்தது.

அவன் அந்தத் தண்ணீர் கம்பெனியில் சேர்ந்தான். அவளுக்கு உடுப்பு தைக்கும் தொழிற்சாலையில் துணி வெட்டும் வேலை கிடைத்தது. ஆரம்பத்தில் அவசரப்பட்டு ஓர் அடுக்குத் துணியையே பாழாக்கித் திட்டு வாங்கினாள். "முள்ளே இல்லாததை எப்படிங்க வெட்டறது?" என்று வீட்டில் வந்து புலம்பினாள். நாளாக ஆக இருமல் நின்றது. ஆனால் பரபரப்பு அடங்கவில்லை. இடைவேளையில் மற்றவர்கள் கால் நீட்டி உட்கார்ந்திருக்க, அவள் மட்டும் தொட்டியில் விட்ட மீன் மாதிரி நீளமான வெட்டுமேசையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருப்பாள்.