எல்ஸி தேர்ந்தெடுத்த தொட்டி

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதம் கொஞ்சம் அற்பமானது. மலேசியாவில், ஈப்போ நகரில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் என் முறைக்காகக் காத்திருந்தேன். திறந்திருந்த அலமாரியில் மூடி போட்ட பிளாஸ்டிக் தொட்டி ஒன்று தெரிந்தது. மீன் வளர்க்கப் போதாது, சோறு கட்டிப் போக ரொம்பப் பெரியது. இரண்டு பக்கமும் மின்கம்பி. அது என்னவென்று கேட்டேன்.

"ரத்தத்த கரண்ட்ல ஓடவிட்டுப் பாக்குறது லா," என்றாள் உள்ளே இருந்தவள்.

அவள் சொன்னது அவ்வளவுதான். மீதியெல்லாம் நான் கட்டியது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மின்புலத்தில் புரதங்கள் தத்தம் மின்னூட்டத்துக்கு ஏற்ப…' (வேண்டாம். பாடப்புத்தகம்.) பிறகு: 'கிந்தா ஆற்றின் மேல் மழை இறங்கிக்கொண்டிருந்த…' (இதுவும் வேண்டாம். மழையில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.) மூன்றாவது நிலைத்தது: இரண்டு தொட்டிகளில் ஒன்றை எல்ஸி தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

2

ஆண்டு 1981. ஈப்போவின் சிலிபின் பகுதியில் குடியிருந்த எல்ஸி, டாக்டர் சதாசிவம் நடத்திய சிறிய கூடத்தில் பரிசோதகர். ரப்பர் தோட்டங்களிலிருந்து வெளுத்துப்போன குழந்தைகள் வந்துகொண்டே இருந்தார்கள். அவர்களுடைய ரத்தத்தைக் கோலாலம்பூருக்கு அனுப்பிவிட்டுக் காத்திருப்பது டாக்டருக்கு அலுத்துவிட்டது. கருவி விற்கும் முகவர் ஒருவர் இரண்டு தொட்டிகளைச் சோதனைக்கு விட்டுப்போனார்.

பெரியதில், ரத்தம் ஓடுவதற்குப் பசைபோன்ற ஒரு கூழைக் காய்ச்சி ஊற்றி உறைய வைக்க வேண்டும். ஒரே ஓட்டத்தில் நிறையப் பேருடைய ரத்தத்தைப் பார்த்துவிடலாம். சிறியதில் காகிதம் போன்ற வெள்ளைப் பட்டையை நனைத்து வைத்தால் போதும்.

"ரெண்டையும் ஓட்டிப் பாரு. தெனம் அதோட மல்லுக்கட்டப் போறது நீதான். நீயே சொல்லு," என்றார் டாக்டர்.

மூடியைத் திறந்தால் மின்சாரம் தானாக நிற்கிறதா, ஈப்போ வெக்கையில் உள்ளே வியர்க்கிறதா, பட்டை தீர்ந்தால் கோலாலம்பூரில் கிடைக்குமா, கப்பலுக்குக் காத்திருக்க வேண்டுமா என்றெல்லாம் அவள் பார்த்தாள்.

[இங்கே எனக்கு எல்ஸி மேல் ஒரு சந்தேகம் வந்தது. இவ்வளவு சரியானவளா? அதனால் ஒரு பலவீனம் கொடுத்தேன். பார்க்க அழகாக இருந்ததால் பெரிய தொட்டிமேல்தான் அவளுக்கு ஆசை.]

3

ஒப்பிட்டுப் பார்க்க நோயுள்ள ரத்தம் ஒன்றும் நல்ல ரத்தம் ஒன்றும் வேண்டும். முதலாவது ஒரு குழந்தையுடையது. இரண்டாவதற்கு எல்ஸி தன் விரலையே குத்திக்கொண்டாள்.

பெரிய தொட்டியில் கோடுகள் கலங்கி, ஒன்றின் மேல் ஒன்று ஈஷிக்கொண்டு வந்தன. தன்னுடையதில் குறை எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. சிறிய தொட்டியின் பட்டையைச் சாயத்தில் போட்டு அலசியபோது சிவப்புக் கோடுகள் தனித்தனியாக நின்றன. நல்ல ரத்தத்தில் பென்சில் கீறல்போல மெலிந்திருக்க வேண்டிய ஒரு கோடு, அவளுடையதில் தடித்திருந்தது.

கரைசலை மாற்றினாள். புதுப் பட்டை எடுத்தாள். மறுபடியும் விரலைக் குத்தினாள். அதே தடிப்பு.*

* தலசீமியாவின் அடையாளம்; பெற்றோர் வழியாக வரும் ரத்தக் குறை. ஒருவரிடம் மட்டும் இருந்தால் அவரை அது ஒன்றும் செய்வதில்லை. கணவன் மனைவி இருவரிடமும் இருந்தால், பிறக்கும் பிள்ளை ரத்தம் ஊறாமல் வெளுத்துப்போகலாம்.

ஈஸ்டருக்குப் பிறகு எல்ஸிக்குக் கல்யாணம். மாப்பிள்ளை லூயிஸ், அத்தை மகன். அவனுடைய அக்கா இசபெல்லாவின் பெண்குழந்தை, வயிறு வீங்கி, வெளுத்து, பள்ளிக்கூடம் போகும் வயதுக்கு முன்பே இறந்திருந்தது.

4

டாக்டர் பெரிய தொட்டியின் கூழையும் சிறியதின் பட்டையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"பெருசு ஒரே கலங்கல். இதுல பளிச்சுன்னு தெரியுது. ஆமா, இந்த நல்ல ரத்தம் யாரோடது? நல்லதாவே தெரியலையே."

'யாரோ வெளியாளு, டாக்டர்' என்று எல்ஸி சொன்ன பொய்… (இரண்டாவது பிரதியில் இந்தப் பொய் இருந்தது. அதைச் சொன்னவளோடு அடுத்த பக்கத்துக்குப் போக என்னால் முடியவில்லை.)

"என்னோடது, டாக்டர்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"லூயிஸுக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்ல."

"கல்யாணத்த நிறுத்துன்னு நான் சொல்லமாட்டேன். தெரிஞ்சுக்கிட்டுச் செய்யுங்க. அதுதான் என்னால சொல்ல முடியும்." பட்டையை மேசையில் வைத்துவிட்டு, "எந்தத் தொட்டி?" என்றார்.

"சின்னது," என்றாள் எல்ஸி. அன்றே முகவருக்குத் தொலைபேசியில் சொல்லியாயிற்று. பெரியதைத் திருப்பி எடுத்துப் போனார்கள்.

5

சனிக்கிழமை மத்தியானம் கூடத்தில் வேறு யாரும் இல்லை. தொலைபேசிக் கம்பம் ஏறும் வேலையிலிருந்து லூயிஸ் அப்படியே வந்திருந்தான்.

"மச்சான், உங்க ரத்தம் கொஞ்சம் வேணும்."

"கட்டுறதுக்கு முன்னாடியே உறிய ஆரம்பிச்சிட்டியா?"

அவள் சிரிக்கவில்லை. பட்டையைக் காட்டினாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள்.

"அக்கா புள்ளைக்கு வந்ததா?" அவன் குரல் இறங்கிவிட்டது.

"ம். உங்களுக்கும் இருந்தா, நம்ம புள்ளைக்கும் வரலாம்."

"பாக்காமலே விட்டா என்ன? நம்ம அப்பா அம்மாவெல்லாம் பாத்தா கட்டுனாங்க?"

"இசபெல்லா அண்ணிக்கு அப்பத் தெரியாது, மச்சான். எனக்குத் தெரிஞ்சுபோச்சே. இத நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

லூயிஸ் எழுந்து ஜன்னல் வரை போனான். அப்படியே வெளியே போய்விடுவான் என்றுதான் எல்ஸி நினைத்தாள். (நானும்தான்.) திரும்பி வந்து முக்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினான்.

"குத்து லா."

6

முடிவுகள் இரண்டை எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அவனுடைய கோடு மெலிந்திருக்கிறது. மாதா கோயிலில் மணி அடிக்கிறது. அது எனக்கே கொஞ்சம் சுலபமாகப்பட்டது. மற்றதில் தடித்திருக்கிறது. இருவரும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சொல்கூட எடுத்துக் கொடுக்க என்னால் முடியவில்லை. இரண்டையும் கிழித்துவிட்டேன்.

சாயத்திலிருந்து எடுத்ததும் பட்டை முழுக்கச் சிவப்பாகத்தான் இருக்கும். அலச அலச மற்ற இடமெல்லாம் வெளுக்கும். கோடுகள் மட்டும் தங்கும். எல்ஸி தட்டை மெல்ல ஆட்டிக்கொண்டிருக்கிறாள். லூயிஸ் விரலில் பஞ்சை அழுத்தியபடி பக்கத்தில் நிற்கிறான்.

"இதுல எது நான்?" என்று கேட்கிறான்.

அவள் விரலால் காட்டுகிறாள். நான் தள்ளி நின்றுகொள்கிறேன். நீங்கள் குனிந்து பாருங்கள்.