மலை ஏறாத அம்மைப்பால்

மொட்டைக் கோபுரத்துக்கு எதிரே போட்டிருந்த பந்தலில் டாக்டர் பேட்ரிசியா அம்மை குத்திக்கொண்டிருந்தபோது வரிசை திடீரென்று கலைந்தது.

ஐம்பதுகளின் கடைசியில் ஒரு மார்கழி அது. ஸ்ரீரங்கத்தில் பகல் பத்து உற்சவம். ஏகாதசிக்கு வெளியூர் ஜனம் குவியத் தொடங்கியிருந்தது. அந்த வருடம் ஜில்லாவில் பெரியம்மை கண்டதும் அரசு அவசர விதிகள் போட்டது. வந்து சேரும் தடுப்பு மருந்தான அம்மைப்பால் முழுவதும் ஒரே அதிகாரியின் பொறுப்பில் இருக்கும். அவர் உத்தரவில்லாமல் எந்த ஆஸ்பத்திரிக்கும் ஒரு சொட்டுப் போகாது. கூட்டம் சேரும் ஊர்களுக்கே முதல் பங்கு. குத்திக்கொள்ளாதவர் ஸ்ரீரங்கத்துக்குள் நுழையக்கூடாது. அந்த அதிகாரி பேட்ரிசியா. ஒரு மாதமாக அவள் சரியாகத் தூங்கவில்லை. ஆனால் டவுனிலோ ஸ்ரீரங்கத்திலோ புதிதாக ஒருவருக்கும் அம்மை காணவில்லை. அதில் அவளுக்குப் பெருமை உண்டு.

வரிசையில் நின்ற கும்பகோணத்துக்காரர் ஒருவர் பேப்பரை உயர்த்திக் காட்டினார்.

"டாக்டர், இனிமே எங்களை யாரும் நிறுத்த முடியாது. நேத்திக்கு சட்டசபை உங்க விதியெல்லாத்தையும் ரத்து பண்ணிடுத்து. பாருங்கோ."

சுருட்டிய சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு அவர் நடந்தார். பின்னால் நின்றவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள். கான்ஸ்டபிள் செய்வதறியாமல் அவளைப் பார்த்தார்.

பேட்ரிசியா பேப்பரை வாங்கிப் படித்தாள். ரத்துத் தீர்மானம் கொண்டுவந்தவர் பெயரில் கண் நின்றது. எம்.எல்.ஏ. அடைக்கலராஜ். அவளுடைய சொந்த அண்ணன்.

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவள் வீட்டில்தான் சாப்பிட்டான். இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கிக்கொண்டான். இதைப் பற்றி மூச்சு விடவில்லை.

மறுநாள் காலை மெட்ராஸ் ரயில் வரும்போது அவள் ஜங்ஷனில் நின்றிருந்தாள். பெட்டியோடு இறங்கிய அண்ணன் அவளைக் கண்டதும் தயங்கினான்.

"என்னண்ணே செஞ்சு வச்சிருக்கீங்க? ஏகாதசிக்கு லட்சம் பேரு வருவாங்க. எதை வச்சுத் தடுப்பேன்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"சொல்லியிருந்தா விட்டிருப்பியா? பச்சைமலைக்கு அம்மைப்பால் எப்போன்னு உங்கிட்டயேதான் கேட்டேன். விதியில எடமில்லேன்னே. அப்ப விதியைத்தானே எடுக்கணும்?"

"மலையில எத்தனை பேரு இருக்காங்க? இங்க எத்தனை பேரு? நானென்ன வேணும்னா செஞ்சேன்?"

அடைக்கலராஜ் வாசலில் நின்ற தன் ஜீப்பைக் காட்டினான். "அம்மைப்பால் எடுத்துக்கிட்டு என்னோட வா. பார்த்துட்டு அப்புறம் திட்டு" என்று மட்டும் சொன்னான்.

அம்மைப்பால் வைத்த ஐஸ் பிளாஸ்க்கை எடுத்துவந்து மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். கோபத்தில் துறையூர் வரை அவனோடு பேசவில்லை. அதற்குப் பிறகு பாதை செம்மண்ணாகி, மேலே ஏற ஏறக் குளிர்ந்தது. ஜீப் போக முடியாத இடத்தில் இறங்கி நடந்தார்கள்.

ஊரில் சத்தமே இல்லை. கூரை வீடுகளில் பாதி திறந்து கிடந்தன, உள்ளே ஆளில்லை. மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப்படாமல் காட்டில் நின்றது. புதிதாகக் கிளறிய மண்மேடுகள் ஊருக்கு வெளியே வரிசையாக இருந்தன. அவற்றில் பல மிகச் சிறியவை. பேட்ரிசியாவின் கால்கள் அங்கேயே நின்றுவிட்டன. ஆஸ்பத்திரியில் எத்தனையோ சாவு பார்த்தவள். அந்தச் சின்ன மேடுகளிலிருந்து அவளால் கண்ணை எடுக்க முடியவில்லை.

ஒரு வீட்டு வாசலில் கைக்குழந்தையோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். வள்ளிக்கண்ணு என்று அடைக்கலராஜ் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவள் முகத்தில் அம்மைத் தழும்பு இன்னும் சிவப்பாக இருந்தது.

"அம்மை குத்த யாரும் வரலையாம்மா?" என்று கேட்டாள் பேட்ரிசியா.

"வர்றோம்னாங்க. அடிவாரத்துக்கு வந்து நில்லுங்கன்னு சொல்லிவிட்டாங்க. புள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு எறங்கிப் போயி நின்னோம். பொழுது சாய்ற வரைக்கும் நின்னோம். அப்புறம் அந்தக் கம்பவுண்டரு வந்து, பேட்ரிசியா அம்மா உத்தரவு தரலை, போயிட்டு ஏகாதசி கழிச்சு வாங்கன்னாரு." குழந்தையை மாற்றிப் போட்டுக்கொண்டாள். "அன்னிக்கு என்னோட ரெண்டு பசங்களும் நல்லாத்தான் இருந்தாங்க. ஓடி ஓடி எறங்குனாங்க."

அந்த டெலிபோன் பேட்ரிசியாவுக்கு நினைவு வந்தது. அடிவாரத்து ஆஸ்பத்திரியிலிருந்து யாரோ அம்மைப்பால் கேட்டார்கள். சரியாகக்கூடக் காதில் விழவில்லை. திருவிழா முடியட்டும் என்று சொல்லி வைத்துவிட்டு, ஆறிப்போன காபியைக் குடித்தாள். அவ்வளவுதான். அதற்குமேல் அதை அவள் நினைக்கவே இல்லை.

அண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நான்தாம்மா பேட்ரிசியா" என்றாள்.

வள்ளிக்கண்ணு அவளை நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று பேட்ரிசியா காத்திருந்தாள். அந்தப் பெண்ணோ பிளாஸ்க்கைத்தான் பார்த்தாள்.

"இப்பவாவது கொண்டாந்திருக்கீங்களா?"

"இருக்கு."

வள்ளிக்கண்ணு குழந்தையின் கையைத் துணியால் துடைத்து நீட்டினாள். "இவளுக்கு இன்னும் வரலை. குத்துங்க."

பேட்ரிசியா பிளாஸ்க்கைத் திறந்து குழந்தைக்குக் குத்தினாள். மீதியிருந்த வீடுகளிலிருந்து ஜனங்கள் மெல்ல வெளியே வந்தார்கள். எல்லோருக்கும் குத்திவிட்டுத்தான் இறங்கினாள்.

ஏகாதசிக்குச் சொர்க்கவாசல் திறந்தது. பந்தலில் அவள் கெஞ்சிக் கூப்பிட்டதற்குச் சிலர் வந்தார்கள். பெரும்பாலானோர் கைகூப்பிவிட்டுக் கடந்து போனார்கள். மலைக்கும் கிராமங்களுக்கும் கேட்டபோதெல்லாம் அம்மைப்பால் போனது. டவுனில் வசதியுள்ளவர்கள் தங்கள் டாக்டர்களிடம் தேவைக்கு மேல் வாங்கி வைத்துக்கொண்டார்கள் என்றும் பேச்சு வந்தது.

பொங்கல் கழிந்த ஒரு மத்தியானம் பேட்ரிசியா அண்ணன் வீட்டுக்குப் போனாள். அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஸ்ரீரங்கத்துல யாத்ரீகர் சத்திரத்தை ஒட்டின தெருவுல அம்மை கண்டிருக்கு" என்றாள். "ஏழு வீடு. இன்னிக்கு விடியக்காலம் ஒரு பொண்ணு போயிட்டா. கல்யாணம் நிச்சயமான பொண்ணு."

அடைக்கலராஜின் கை இலையிலேயே நின்றது.

"மலைக்குக் கிடைக்கணும்னுதானே நான்..." என்று ஆரம்பித்தான்.

"பங்கு பிரிக்கிற விதியை மட்டும் எடுத்திருக்கலாம்ண்ணே. குத்திக்காம உள்ள வராதேங்கிறதையும் சேர்த்து எடுத்துட்டீங்க."

எழுந்து கைகழுவக்கூடத் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். அன்று மலையில் தானும் இதே நிலையில்தான் நின்றதாகப் பேட்ரிசியாவுக்குப் பட்டது. அவனைத் திட்டத்தான் வந்திருந்தாள்.

சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து அவன் கையில் ஊற்றினாள்.

"கெளம்புங்க. நீங்க வந்து குத்திக்கச் சொன்னா தெருக்காரங்க கேப்பாங்க. கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்காங்க."

அடைக்கலராஜ் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, சட்டைப் பித்தானைக்கூடப் போடாமல் அவள் பின்னால் நடந்தான்.