போன வருஷம் செய்த வேலை

மீன்களின் செவுளில் ஒட்டியிருந்த சிப்பிக் குஞ்சுகள் உதிர ஆரம்பித்த அதே காலையில்தான், நாளையிலிருந்து வேலைக்கு வரக்கூடாது என்ற தாளும் டாரா ஸ்டில்ட்னர் கைக்கு வந்தது.

தாளை மடித்துக் கால்சட்டைப் பையில் திணித்துவிட்டு அவள் மறுபடி தொட்டியின் மேல் குனிந்தாள். டார்ச் வெளிச்சத்தில் அடித்தரையில் பொடிப்பொடியாக ஏதோ மினுங்கியது. ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் வைத்தாள். மணல் துகளைவிடச் சின்னதான ஓடு மெல்லத் திறந்தது. உள்ளிருந்து நாக்கு மாதிரி ஒரு கால் நீண்டு கண்ணாடியைத் துழாவியது.

ஊதாச் சிப்பி. வர்ஜீனியாவின் நிலக்கரி மலைகளுக்கு நடுவே ஓடும் பவல் ஆற்றில் ஒரு காலத்தில் கூடை கூடையாகக் கிடந்தது. கரி கழுவிய கறுப்புத் தண்ணீர் அதைக் கொன்றது. அந்தக் கரியை வெட்டியவர்களில் டாராவின் அப்பாவும் ஒருவர். ஆகஸ்டில் அவள் குளிர்ந்த தண்ணீரில் வயிற்றை இழைத்து ஊர்ந்து தேடியதில் சினைச் சிப்பி ஒன்றே ஒன்று அகப்பட்டது. அதன் குஞ்சுகள் மீன் செவுளில் சில வாரம் ஒட்டி வளர்ந்துதான் உதிரும். உதிர்ந்ததைக் காலையும் மாலையும் குழாய் போட்டு உறிஞ்சி, சல்லடையில் பிடித்து, சுத்தமான தொட்டிக்கு மாற்ற வேண்டும். விட்டுவிட்டால் தட்டைப்புழு தின்று தீர்த்துவிடும்.

சாவிக்கொத்து சத்தம் கேட்டது. அந்த அரசு மீன் பண்ணையின் மேலாளர் டுவெய்ன் ராட்லிஃப் கதவருகில் நின்றிருந்தார்.

"விழ ஆரம்பிச்சிருச்சு, டுவெய்ன்."

"எத்தன நாளைக்கு விழும்?"

"ஒரு வாரமாச்சும் விழும்."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "இன்னிக்குள்ள செனட்டுல நிதி மசோதா நிறைவேறலன்னா நாளைக்குக் காலையில கேட்டப் பூட்டிருவேன். வில்மா மட்டும் வரலாம். மீனுக்குத் தீனி போட்டு, தண்ணி ஓடுதான்னு பாத்துட்டுப் போயிரணும். அதுக்கு மேல எதையும் தொடக்கூடாது."

"நான் சும்மா வர்றேன். சம்பளம் வேணாம்."

"அது குற்றம்."

"எது குற்றம்?"

"அரசாங்கத்துக்கு ஓசியில வேல செய்யறது. போன தடவ அரசாங்கம் கடைய சாத்தினப்ப, எந்த வால்வ மூடணும்னு ஒருத்தன் மெயில்ல கேட்டான். வீட்லருந்து ஒரே வரி பதில் போட்டேன். அதுக்கு மூணு மாசம் விளக்கம் எழுதினேன்."

"அப்ப வேலியேறி வருவேன்."

"வேலிக்கு அந்தப் பக்கம் நிக்கிற வரைக்கும் அது உன் இஷ்டம், கண்ணு. இந்தப் பக்கம் குதிச்சா என் தலைவலி. ஏற்கெனவே நீ பணம் வர்றதுக்கு முன்னாடியே மீன்ல குஞ்சு ஏத்தினத நான் பாக்காத மாதிரி இருந்துட்டேன். அதுவே எனக்குத் தாங்காது."

அது உண்மை. டாராவின் ஊதாச் சிப்பி வேலைக்குத் தனிப் பணம் ஒதுக்கியிருந்தது. ஆனால் அக்டோபர் முதல் தேதியிலிருந்துதான். சினைச் சிப்பி அக்டோபருக்குக் காத்திருக்குமா? அவள் காத்திருக்கவில்லை.

நாட்டின் பட்ஜெட் ஆண்டு செப்டம்பர் முப்பதான இன்றோடு முடிகிறது. புதுப் பட்ஜெட் போடவேண்டியவர்கள் வருஷம் முழுக்க ஒருவர் முகத்தில் ஒருவர் கரி பூசிக்கொண்டிருந்துவிட்டு, கடைசி வாரத்தில் இடைக்கால நிதி மசோதா என்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். போன வருஷம் எந்த வேலைக்கு எவ்வளவு செலவழித்தீர்களோ, அதே வேலைக்கு அதே கணக்கில் இன்னும் ஏழு வாரம் செலவழித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் அதன் சாரம். கீழ்ச்சபை நிறைவேற்றிவிட்டது. செனட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கே நிறைவேறாவிட்டால் அரசு அலுவலகங்களை மூட வேண்டியதுதான்.

மத்தியானம் சாப்பாட்டு அறையில் டீவி ஓடியது. வில்மா கீன் தன் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்து பீன்ஸில் சோள ரொட்டியை உதிர்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். இந்த டிசம்பரோடு ஓய்வு பெறப்போகிறவள். பவல் ஆற்றுச் சிப்பிகளை, முக்கியமாகப் பைச்சிப்பி என்ற வகையை, வளர்ப்பது பதினோரு வருஷமாக அவள் வேலை. முன்பெல்லாம் டாரா அவளை மிஸ் வில்மா என்பாள். வசந்தத்தில் நடந்த சண்டைக்குப் பிறகு எந்தப் பெயரும் சொல்வதில்லை.

சண்டை இதுதான். ஊதாச் சிப்பி வேலையையும் தன் வேலையோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று வில்மா சொன்னாள். டாரா மறுத்தாள். கரி வெட்டிய பரம்பரையில் முதலில் பட்டம் வாங்கியவள் அவள். அடுத்தவர் வேலைக்கு வாலாக ஒட்டிக்கொள்ளவா அத்தனை கடன் வாங்கிப் படித்தாள்? "உங்க பைச்சிப்பி சாக்கடையில விட்டாலும் வளரும். ஊதா அப்படி இல்ல. நீங்க தொட்டதுதான் எல்லாம் செத்துப்போச்சே," என்று முகத்துக்கு நேரே சொன்னாள். போன வருஷம் வில்மா ஒரு முறை ஊதாவை வளர்க்கப் பார்த்து ஒன்றுகூட மிஞ்சவில்லை. தனிப் பணம் கேட்டுப் போட்ட விண்ணப்பத்தில் டாரா, இந்தப் பண்ணையில் இதுவே முதல் முயற்சி என்று எழுதினாள். செத்துப்போனதை முயற்சி என்றே அவள் எண்ணவில்லை.

போன் அடித்தது. அப்பா.

"என்ன தாயி, கவர்மெண்டே கடைய சாத்துதாமே?"

"இன்னும் தெரியலப்பா."

"குடுத்து வச்சவ நீ. எங்க சுரங்கத்த மூடினப்ப ஒருத்தன் சொல்லல. காலையில போனா கேட்ல சங்கிலி தொங்குது. உங்களுக்குத் தேதி போட்டுத் தாள் தர்றான்." சிரிப்பு இருமலாக மாறி நெடுநேரம் ஓயவில்லை. "உன் குஞ்செல்லாம் எப்படி இருக்கு?"

"விழுதுப்பா."

"அப்ப அங்க நில்லு. எனக்கு என்ன, நான் எங்கயும் போகமாட்டேன்."

டீவியில் செனட் வாக்கெடுப்பு தொடங்கியது. அறுபது ஓட்டு வேண்டும். உறுப்பினர்கள் காபிக் கடைக்கு வந்தவர்கள் மாதிரி சாவகாசமாக உள்ளே வந்து, கட்டைவிரலை மேலேயோ கீழேயோ காட்டிவிட்டு, ஒருவர் தோளை ஒருவர் தட்டிக்கொண்டு நின்றார்கள். எண் ஐம்பத்தொன்பதில் நின்றது. யாரோ ஒருவருடைய விமானம் தாமதமாம். அதுவரை முடிக்காமல் வைத்திருக்கிறார்களாம்.

"நாட்டுல பாதிப்பேரு சம்பளம் ஒருத்தன் டாக்சி புடிக்கிறதுல இருக்கு," என்றாள் வில்மா, யாரிடம் என்றில்லாமல்.

டாரா எழுந்து தொட்டிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். உட்கார்ந்தாள். மறுபடி போனாள். அடித்தரையில் மினுக்கம் கூடியிருந்தது. ஓரத்துக் கல்லுக்கு அடியிலிருந்து பழுப்பு நாடா மாதிரி ஒரு புழு நெளிந்து வந்தது. இடுக்கியால் எடுத்துத் தரையில் போட்டு மிதித்தாள்.

அவள் திரும்பியபோது வயதான ஓர் உறுப்பினர் மழைக்கோட்டோடு அவைக்குள் நுழைந்துகொண்டிருந்தார். கட்டைவிரல் மேலே போனது. அறுபது.

டுவெய்ன் நாற்காலியில் சரிந்து கண்ணை மூடினார். டாரா மேசையை ஓங்கி அடித்தாள். வில்மாவின் பீன்ஸ் கிண்ணம் துள்ளியது. "சாயங்காலம் ஜனாதிபதி கையெழுத்துப் போட்டுருவாராம். கேட்டத் திறந்தே வைக்கலாம்," என்றார் டுவெய்ன். டாரா அதற்குள் கதவைத் தாண்டிவிட்டாள்.

"டாரா, நில்லு."

அவர் குரல் அவளைத் திருப்பியது.

"நாளைக்கு நீ வேலைக்கு வரலாம். சம்பளம் உண்டு. ஆனா ஊதாவத் தொட முடியாது."

"புரியல."

"போன வருஷம் செஞ்ச வேலைக்குத்தான் பணம். புதுசா எதையும் தொடங்கக்கூடாதுன்னு மசோதாவிலயே இருக்கு. உன்னுது புதுசு. பம்பு, தண்ணி, தீனி, உன் நேரம், எதையும் நான் கணக்குல ஏத்த முடியாது. முழு பட்ஜெட் வந்தப்புறம் பாக்கலாம்."

"அது எப்ப வரும்?"

"சில வருஷம் மார்ச்ல வரும். சில வருஷம் வராது."

"அதுவரைக்கும் நான் என்ன செய்யணும்?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். "புல்லு வளர்ந்து கெடக்கு. புல் வெட்டறது போன வருஷமும் செஞ்ச வேலதான்."

டாரா சிரித்தாள். சிரிப்பு அவளுக்கே கேவலமாகக் கேட்டது. உலகத்தில் மிச்சமிருக்கும் கொஞ்சநஞ்ச ஊதாச் சிப்பிகளைப் புழு தின்னும்போது, அதே ஜன்னலுக்கு வெளியே அவள் சம்பளம் வாங்கிக்கொண்டு புல் வெட்ட வேண்டும். பூட்டியிருந்தால் வேலியாவது ஏறியிருப்பாள்.

வில்மா கிண்ணத்தை மூடிப் பைக்குள் வைத்தாள். அதற்காகப் பையை அகலத் திறந்தபோது டாரா கண்டாள்: உள்ளே சுருட்டி வைத்த பிளாஸ்டிக் குழாய், புதுசு, கடைச் சீட்டுகூடக் கிழிக்காதது. கூடவே ஒரு சின்னச் சல்லடை.

"இது எதுக்கு?"

"பீன்ஸ் கழுவ."

"நெசமாச் சொல்லுங்க."

வில்மா பையின் வாயை இழுத்து மூடினாள். "என்னுது எல்லாம் செத்துப்போச்சுன்னு சொன்னியே. எப்பச் செத்துச்சுன்னு ஒரு நாளாச்சும் கேட்டியா?"

டாரா இல்லை என்று தலையாட்டினாள்.

"போன அக்டோபர்ல. கடைய சாத்தின வாரம். தீனி போடு, பாரு, போன்னு சொன்னாங்க. நானும் போட்டேன், பாத்தேன், போனேன். தெனமும். புழு திங்கறத நின்னு பாத்துட்டு வீட்டுக்குப் போனேன். எனக்குப் பென்ஷன் முக்கியம்." அவள் பையைத் தட்டினாள். "இந்தத் தடவை முக்கியமில்லன்னு தோணுச்சு. பூட்டின பண்ணையில யாருக்கும் தெரியாம உன் குஞ்ச எடுத்து வச்சிரலாம்னு இருந்தேன். அவ்வளவுதான். அதையும் இப்பக் கெடுத்துட்டானுங்க, கடையத் திறந்து வச்சு. நாளைக்கு எல்லாரும் இங்கதான் இருப்பாங்க. யாரு கண்ணுல மண்ணத் தூவுறது?"

தொட்டி அறையிலிருந்து பம்பு ஓடும் சத்தம் வந்துகொண்டிருந்தது. டாரா டுவெய்னைப் பார்த்தாள்.

"அவங்க ஊதா வளத்தது இன்னிக்கோட முடியற பட்ஜெட் வருஷத்துலதானே?"

"அக்டோபர்ல. ஆமா." அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆமா, டாரா. ஆனா இங்க யாரும் செஞ்சதே இல்லன்னு எழுதிக் குடுத்தது யாரு?"

"நான்தான். மண்டல ஆபீசுக்குப் போன் போடுங்க."

"யோசிச்சுக்கோ."

"யோசிக்கிறதுக்குள்ள புழு முடிச்சிரும்."

போனின் ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் வந்தது. நாள் முழுக்க இதே மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லித் தேய்ந்துபோன குரல். டுவெய்ன் விஷயத்தைச் சொன்னார். விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"ஊதாச் சிப்பி... இது புதுத் திட்டம்னுல்ல இருக்கு. முதல் முயற்சின்னு போட்டிருக்கு. தொடர் வேலைன்னு எப்படிச் சொல்றீங்க?"

டாரா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "இது புதுசு இல்லம்மா. போன வருஷம் வில்மா கீன் செஞ்ச வேல. பண்ணைய மூடினதால அவங்க குஞ்சுகள் செத்துப்போச்சு. அந்த வேலையத்தான் தொடர்றோம்."

"அப்ப விண்ணப்பத்துல இருக்கிறது பொய்யா?"

"ஆமா. எழுதினது நான்."

எதிர்முனையில் மறுபடி விசைகள் தட்டப்பட்டன. டுவெய்ன் தொப்பியைக் கசக்கினார்.

"சரி. வில்மா கீன் வேலையிலயே இத ஏத்திக்கலாம். அவங்களுக்கு உள்ள பணத்துக்குள்ளதான் செய்யணும், கூடுதலா ஒண்ணும் கிடையாது. இன்னொண்ணு. அந்தப் புதுத் திட்டத்த நான் ரத்து பண்ணணும். பட்ஜெட் வந்தாலும் அந்தப் பணம் உங்களுக்கு வராது. புரியுதா?"

அந்தப் பணத்தில் வரவிருந்த தனித் தொட்டிகள், தனிக் கூடம், அவள் பெயர் போட்ட பலகை. அப்பாவை மருத்துவமனைக்கு இட்டுப்போகும் வழியில் வண்டியை நிறுத்திக் காட்ட வேண்டும் என்று நினைத்திருந்தாள்.

"புரியுது," என்றாள்.

"அந்தம்மா சம்மதிக்கணுமே. அவங்க தொட்டியாச்சே," என்றது அந்தக் குரல்.

வில்மா போனுக்கு அருகில் குனிந்தாள். "பைச்சிப்பிய ஒரு தொட்டியிலருந்து காலி பண்ணிக்கிறேன். அது சாக்கடையில விட்டாலும் வளருமாம். ஒருத்தி சொன்னா."

இணைப்பு அறுந்தது. டுவெய்ன் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஏழு வாரம்," என்றார். "அப்புறம் மறுபடி டீவி போடணும்."

"அதுக்குள்ள கொஞ்சம் பெருசாயிரும்," என்றாள் டாரா. "புழு திங்க முடியாத அளவுக்கு."

"செனட்டு திங்காம இருந்தா சரி."

வில்மா ஏற்கெனவே தொட்டி அறையில் இருந்தாள். புதுக் குழாயின் சீட்டைப் பல்லால் கிழித்துத் துப்பிவிட்டு ஒரு முனையை நீட்டினாள்.

"என்ன பாத்துட்டு நிக்கிற? புடி. உறிஞ்சறது நீ, சல்லடை நான். எனக்குக் குனிய முடியாது."

"மிஸ் வில்மா," என்றாள் டாரா. குழாயை வாங்கிக்கொண்டாள்.

"அப்புறம் பேசலாம். அந்த ஓரத்துலருந்து ஆரம்பி, புழு அங்கதான் இருக்கும்."

டாரா முழங்காலிட்டாள். குழாயின் நுனியைத் தண்ணீருக்குள் இறக்கி, அடித்தரையைத் தொடாமல், மினுக்கத்தின் மேல் மெல்ல நகர்த்தினாள்.