கமலாம்பிகை பின்னால் நிற்கிறாள்

பத்மநாதன் தன் மனைவியைக் கொன்றுவிடப் பார்த்த அந்தக் காலையில், லண்டனில் செவன் கிங்ஸ் முழுவதும் மீன்கடை ஐஸ்பெட்டிக்குள் வைத்து மூடினது போலக் கிடந்தது. வேலியில் ஏறிய பூனை ஏறிய இடத்திலேயே விறைத்து நின்றது. பால்காரன் விட்ட மூச்சு நிலத்தில் விழுந்து உடைந்த சத்தம் மூன்று வீடு தள்ளிக் கேட்டதாம். கொல்ல வேண்டும் என்று அவர் நினைக்கவே இல்லை. நாற்பது வருடத் தாம்பத்தியத்தில் அப்படி நினைக்க வாய்த்த சந்தர்ப்பங்கள் வேறு, அவற்றை விடுவோம். அன்றைக்கு அவர் நினைத்தது பற்றரியை மிச்சம் பிடிப்பதைத்தான்.

திருவெம்பாவையின் கடைசி நாள் அது. கோயிலில் அன்றைய உபயம் பத்மநாதன் குடும்பத்தினுடையது. பூசை முடிய அடியார்களுக்குக் கொடுக்கும் சக்கரைப் புக்கை என்ற பொங்கலையும் கடலையையும் கமலாம்பிகை விடியமுன் எழும்பித் தன் கையாலேயே ஆக்கியிருந்தாள். கோயிலிலேயே பெரிய சமையலறை இருக்கிறது, அங்கே ஆக்கலாமே என்று யாராவது சொன்னால் அவளுக்குக் காது கேட்காது. வீட்டு அடுப்பிலிருந்து இறக்கி, ஆவி பறக்கப் பறக்கக் கொண்டுபோய்ச் சுவாமிக்கு முன்னால் வைத்தால்தான் அது உபயம். ஆறின புக்கையைச் சுவாமி தொடமாட்டார் என்பது அவள் கண்ட உண்மை.

கார், மின்சாரக் கார். மகள் சிவரூபினி மோர்டனிலிருந்து வந்து, நின்று, வற்புறுத்தி வாங்கவைத்தது. குளிர்காலத்தில் அதை எப்படி வைத்திருக்க வேண்டும் என்றும் அவள் வகுப்பு எடுத்திருந்தாள். இரவு முழுக்கச் சுவரில் சார்ஜுக்குக் கொழுவி விடவேண்டும். காலையில் கொழுவினபடியே போனில் ஒரு பொத்தானை அமத்தினால் காருக்குள் சூடாகிவிடும், கண்ணாடிகளிலுள்ள பனி கரைந்துவிடும், பற்றரியில் ஒரு சொட்டும் குறையாது. கண்ணாடிகளைச் சூடாக்கும் கம்பிக்கு இரண்டு மூன்று பழைய பல்பு எரியும் மின்சாரம்தான் போகும், அதில் கஞ்சத்தனம் பிடிக்க வேண்டாம் என்று விரலை நீட்டியும் சொன்னாள். பத்மநாதன் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்று தலையாட்டினார். அவள் போனதும், வெளியில் கிடக்கும் கேபிளை யாராவது கள்ளன் வெட்டிக்கொண்டு போய்விடுவான் என்று சுருட்டி உள்ளே வைத்தார்.

அவருடைய கஞ்சத்தனத்துக்கு ஒரு வரலாறு உண்டு. பெற்றோல் கண்ணால் காண முடியாத காலத்தில், யாழ்ப்பாணத்தில் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய மனிதர் அவர். ஒரு சொட்டுப் பெற்றோலை மூக்குத்தூள் போல எடுத்துக் காபரேற்றருக்குக் காட்டி, எஞ்சினை ஏமாற்றி எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். பள்ளத்தில் எஞ்சினை நிற்பாட்டிவிட்டு உருட்டுவார். அப்படிப்பட்டவரின் முன்னால், ஒவ்வொரு பொத்தானை அமத்தும்போதும் மிச்ச மைல் எத்தனை என்று குறைத்துக் காட்டும் ஒரு திரையை வைத்தால் என்ன நடக்கும்? அன்று காலை அந்தத் திரையைப் பார்த்தார். முதல்நாள் பின்னேரம் காட்டிய மைல்களில் பாதியை இரவோடு இரவாகக் குளிர் தின்றுவிட்டிருந்தது. பத்மநாதன் உடனே வேலையில் இறங்கினார். ஹீற்றரை நிற்பாட்டினார். சீற்றுச் சூட்டை நிற்பாட்டினார். கண்ணாடிச் சூட்டை நிற்பாட்டினார். நெஞ்சுத் துடிப்பை நிற்பாட்டினால் ஒரு மைல் கூடும் என்றால் அதையும் நிற்பாட்டியிருப்பார்.

கார் நின்ற இடம், கொலைக்கென்றே அளந்து கட்டியது. இரண்டு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே ஒரு ஒடுக்கமான ஓடை, ஒரு கார் மட்டும் நுழையும் சந்து. தெருவில் விட்டால் யாராவது கீறிவிடுவார்கள் என்று பத்மநாதன் காரை அதற்குள் முகம் முன்னே போக விட்டு, வலதுபக்கச் சுவரோடு ஒட்டி நிற்பாட்டுவார். சாரதிப் பக்கக் கதவு அரைச் சாண்கூடத் திறக்காது. இடதுபக்கக் கதவால் ஏறி, குனிந்து, நெளிந்து, பாம்பு புற்றுக்குள் போவது போல ஸ்டியரிங்குக்குப் பின்னால் போய்ச் சேரவேண்டும். கமலாம்பிகை வெளியில் நின்று, கார் தெருவுக்கு வந்த பிறகுதான் ஏறுவாள்.

அதுவரை அவள்தான் அவருடைய கண். பின்னால் நின்று டிக்கியில் கையால் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் வரலாம். இரண்டு தட்டு என்றால் நில். இந்தச் சட்டத்தைக் கல்யாணம் கட்டின வருடமே பத்மநாதன் போட்டுவிட்டார். உலகத்தில் புத்தியுள்ள எவனும் ஒரு தட்டை நிற்பதற்குத்தான் வைப்பான், ஏனென்றால் ஆபத்து இரண்டாம் தட்டுக்குக் காத்திருக்காது. ஆனால் நிற்பது பெரிய காரியம், பெரிய காரியத்துக்கு இரண்டு வேண்டும் என்பது பத்மநாதனின் சாத்திரம். நாற்பது வருடம் அதில் ஒரு பிழையும் வரவில்லை. பிழை வராத ஒன்றை மனிதர்கள் நம்புவது போல வேறு எதையும் நம்புவதில்லை. பின்னால் பார்க்கும் கமெராவையும் அவர் மதித்தது கிடையாது, அன்று அதன் முகத்திலும் பனி. கிட்ட வந்தால் கூவும் கருவியை, இலை விழுந்தாலும் அழுகிறது என்று மாசக்கணக்குக்கு முன்னமே வாயடைத்து வைத்திருந்தார்.

கமலாம்பிகை புக்கைப் பானையைக் கொண்டுவந்து பின்சீற்றில் வைத்துப் பெல்ற் போட்டாள். மூடியை இறுக்கவில்லை. இறுக்கினால் புக்கை வியர்த்துத் தண்ணீர் விட்டுவிடும். கடலைச் சட்டியை எடுக்கத் திரும்பினவள், வாசலில் நின்று காரைப் பார்த்தாள். பின்னால் வருவதைக் காட்டும் பக்கத்துக் கண்ணாடிகள் இரண்டும் பூவிழுந்த கண்கள் போல வெள்ளையாக இருந்தன.

"இஞ்சேருங்கோ, அந்தக் கண்ணாடியிலை ஒரு அறுப்பும் தெரியேல்லை. சூட்டைப் போடுங்கோவன்."

"கண்ணாடிக்கென்ன, குளிருதாமோ? நீர் பின்னாலை நிக்கிறீர்தானே. எனக்கு அது காணும்."

"ஒருநாளைக்கு என்னைத்தான் அடிக்கப்போறியள்."

"அடிச்சால் சத்தம் போடுவீர்தானே."

அவள் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தபடி உள்ளே போனாள். காருக்குள் இருந்த பத்மநாதன் கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகுதான் புக்கை தன் வேலையைத் தொடங்கியது. பானைக்குள்ளிருந்து ஆவி ஆவியாக எழும்பி, ஏலக்காயும் நெய்யும் மணக்க, கார் முழுவதும் பரவியது. கார் ஒரு பிட்டு அவிக்கும் நீத்துப்பெட்டியாக மாறியது. ஆவி போய்த் தொட்ட கண்ணாடி எல்லாம் சாம்பல் நிறமாகி, பிறகு பாலாகி, பிறகு அவர் பார்த்துக்கொண்டிருக்கவே கிறீச் என்று இறுகி உட்பக்கமாகப் பனியானது. சால்வைத் தலைப்பால் துடைத்தார். சால்வை கண்ணாடியில் ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது ஒரு கீற்று வழி திறந்து, உடனேயே மூடியது. முன்னால் வெள்ளை. பின்னால் வெள்ளை. இருபக்கமும் வெள்ளை. உயிரோடு ஒருவரைப் பஞ்சில் சுற்றி வைத்தால் எப்படி இருக்கும் என்பதைப் பத்மநாதன் அன்று அறிந்தார். மைல் மட்டும் குறையவில்லை. அதைப் பார்த்து ஒரு கணம் அவருக்குச் சந்தோசமாகக்கூட இருந்தது.

காரைக் கிளப்பினார். மின்சாரக் கார் கிளம்பியது கிளப்பினவருக்கே தெரியாது. காத்திருந்தார்.

டங்.

டிக்கிப் பக்கமிருந்து ஒரு தட்டு. கொஞ்சம் உரமான தட்டு, கோபத்தில் தட்டுகிறாள் போல. ஒன்று. பத்மநாதன் பின்னுக்கு எடுக்கும் பொத்தானைத் தட்டி, பிறேக்கிலிருந்து காலைத் தளர்த்தினார். கார், பசித்த முதலை கரையிலிருந்து இறங்குவது போல, சத்தமில்லாமல் பின்னால் வழுக்கத் தொடங்கியது.

ஒரு முழம் போயிருக்கும். என்னவோ குறைந்தது.

நாற்பது வருடங்களில் அவர் ஒரு வாகனத்தையும் மௌனத்தில் பின்னெடுத்ததில்லை. தட்டுக்கும் தட்டுக்கும் நடுவில் கமலாம்பிகையின் வாய் ஓயாது. மெல்ல, மெல்ல, மதில், ஐயோ மதில், கண் தெரியேல்லையே என்று அந்தப் பாராயணம் நடந்துகொண்டே இருக்கும். அவருக்கு அது எரிச்சல். இன்று அது இல்லை. ஓடை முழுவதும் பனி மட்டும் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது.

பத்மநாதனின் கால் பிறேக்கை மிதித்தது. அவர் மிதித்தாரா, கால் தானாக மிதித்ததா என்று பிறகு அவராலேயே சொல்ல முடியவில்லை.

கமலம் என்று கூப்பிட்டார். பதில் இல்லை. யன்னலை இறக்கும் பொத்தானை அமத்தினார். மோட்டார் முனகியது, கண்ணாடி பனியில் ஒட்டிக்கொண்டு அசையவில்லை. ஹோர்னை அடித்தார். அந்தச் சத்தம் சுவருக்குச் சுவர் மோதித் திரும்பி அவரிடமே வந்தது. காலை எடுக்கப் பயமாக இருந்தது. எடுத்தால் கார் எந்தப் பக்கம் போகும், அதன் கீழே என்ன இருக்கும்? எவ்வளவு நேரம் அப்படி இருந்தார் என்று தெரியாது. கையை நீட்டி, விடிந்ததிலிருந்து தொடவே மாட்டேன் என்று வைராக்கியம் பிடித்திருந்த அந்தப் பொத்தானை அமத்தினார். பின்கண்ணாடியையும் பக்கக் கண்ணாடிகளையும் சூடாக்கும் பொத்தான். அதில் செம்மஞ்சளாக ஒரு சிறு வெளிச்சம் வந்தது.

இடதுபக்கக் கதவுக் கண்ணாடியை எட்டி நகத்தால் விறாண்டி, ஒரு சதக் காசு அளவு ஓட்டை எடுத்தார். அதற்கூடாக வெளியே பக்கத்துக் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார். வெள்ளை. மாறாத வெள்ளை. எத்தனை கண்டங்கள் தாண்டி வந்த மனிதர், ஒரு கண்ணாடி உருகுவதற்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார். நடுவில் முதலில் ஒரு ஈரப்பொட்டு. அது மெல்ல அகன்றது. அதற்குள் நிலம் தெரிந்தது. நிலத்தில் கடலைகள். ஒவ்வொரு கடலையிலிருந்தும் ஒரு நூல் ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. பொட்டு இன்னும் அகன்றது. கவிழ்ந்த சட்டி. டிக்கியில் தட்டியது கையல்ல, சட்டி என்று அப்போதுதான் அவருக்கு விளங்கியது.

பிறகு, மாம்பழ நிறச் சேலையின் கரை. கரைக்குக் கீழே கம்பளிச் சொக்ஸ் போட்ட ஒரு கால். அது காரின் பின்சக்கரச் சில்லைப் பார்த்தபடி அசையாமல் கிடந்தது. காலுக்கு மேலே என்ன இருக்கிறது என்பதை இன்னும் உருகாத வெள்ளை மறைத்துக்கொண்டிருந்தது. பத்மநாதன் தேவாரம் சொல்லப் பார்த்தார். ஒரு வரியும் வரவில்லை. வெள்ளை பின்வாங்கியது, கருமி கை விரிப்பது போல, கொஞ்சம் கொஞ்சமாக. முழங்கால். இடுப்பு. ஒரு கை. அந்தக் கையின் விரல்கள் எதையோ எண்ணுவது போல மடங்கி விரிந்தன.

காரைப் பூட்டி நிற்பாட்டி, எழுபத்தொரு வயதுப் பாம்பு தன் வாழ்நாளில் இல்லாத வேகத்தில் இடதுபக்கக் கதவால் வெளியே வந்து விழுந்தது.

கமலாம்பிகை மல்லாந்து கிடந்தாள். பனியில் வழுக்கி விழுந்த வேகத்தில் மூச்சு அடைத்து, குரல் எழும்பாமல், கண்ணை மட்டும் திறந்து வைத்திருந்தாள். சில்லுக்கும் அவள் காலுக்கும் நடுவில் ஒரு உள்ளங்கை அகலம். அவ்வளவு நேரமும் அவள் அந்தச் சில்லைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். அது உருண்டு வந்ததையும் பார்த்திருக்கிறாள். கையைப் பிடித்தார். அவள் ஏசவில்லை. குரல் திரும்பியதும் ஒன்றுதான் கேட்டாள்.

"என்னெண்டு நிப்பாட்டினியள்?"

அவர் தன் சால்வையை மடித்து அவளுடைய தலைக்குக் கீழே வைத்தார்.

கணுக்கால் பலாக்காய் போல வீங்கத் தொடங்கியிருந்தது. அம்புலன்சுக்குப் போன் அடித்தபோது, உயிருக்கு ஆபத்தில்லை என்றால் பல மணித்தியாலம் செல்லும், முடிந்தால் நீங்களே கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று ஒரு பிள்ளை பணிவாகச் சொன்னது. சிவரூபினி மோர்டனிலிருந்து லண்டனைக் குறுக்காகக் கடந்து வந்துசேர மதியமாகிவிடும். பத்மநாதன் மனைவியை அணைத்துத் தூக்கி, பின்சீற்றில் பானைக்குப் பக்கத்தில் காலை நீட்டி இருத்தினார். போற வழியில் முதலில் கோயில் வாசலில் புக்கையை இறக்க வேண்டும், பிறகுதான் ஆஸ்பத்திரி என்று அவள் கட்டளை போட்டாள். அவர் ஓம் என்று தலையாட்டினார்.

திரும்பவும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் போய் இருந்தார். ஹீற்றரைப் போட்டார். முன்கண்ணாடிக்குச் சூட்டைப் போட்டார். சீற்றுகளுக்குப் போட்டார். பொத்தான் என்று எதைக் கண்டாரோ அதையெல்லாம் அமத்தினார். திரையில் மைல்கள் மளமளவென்று இறங்கின. அவர் அதைப் பார்க்கவில்லை. பனி அழுது வழிந்தது, கண்ணாடிகள் ஒவ்வொன்றாகக் கண் திறந்தன. கமெராவின் முகத்தையும் இறங்கித் துடைத்துவிட்டு வந்திருந்தார். ஓடை, ஓடைக்கு அப்பால் தெரு, தெருவில் நிற்கும் குப்பைத்தொட்டி, அதன் மேல் இருந்த காகம் வரைக்கும் துலக்கமாகத் தெரிந்தது. பின்னால் ஒருவரும் இல்லை.

அதுதான் அவரால் தாங்க முடியாமல் போயிற்று. காரை எடுத்த நாள் தொடக்கம் பின்னால் ஒரு ஆள் நிற்காமல் அவர் ஒரு அங்குலமும் எடுத்தது கிடையாது. இடது கண்ணாடியைப் பார்த்தார். கமெராவைப் பார்த்தார். திரும்ப இடது கண்ணாடி. எத்தனை தரம் பார்த்தாலும் அந்தச் சேலைக்கரையும் சொக்ஸ் போட்ட காலும் அங்கே கிடப்பது போலவே இருந்தது. கால் பிறேக்கில் வேர்விட்டு விட்டது. கோயிலில் பூசை தொடங்கியிருக்கும், புக்கை ஆறுகிறது, கணுக்கால் வீங்குகிறது, பத்மநாதன் மட்டும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு கல்லாக இருந்தார்.

பின்சீற்றிலிருந்து ஒரு கை வந்து அவருடைய தோளில் பட்டது.

"எடுங்கோ," என்றாள் கமலாம்பிகை. "நான் உள்ளுக்கைதான் இருக்கிறன்."