இடது முன்சக்கரம்

தேர்வாய் கண்டிகை சாலையில் இரண்டாம் முறையும் ஓட்டிப் பார்த்துவிட்டு மெக்கானிக் சுப்பராயன் பட்டறைக்குத் திரும்பினார். ஸ்டியரிங்கில் பிடியைத் தளர்த்தினால் போதும், கார் இடப்பக்கம் ஒதுங்கியது. சாலைப் பள்ளத்தில் விழுந்ததில் வளைந்துபோன, சக்கரத்தைத் தாங்கும் கீழ் ஆர்மை மாற்றியாயிற்று, சக்கரங்களின் அலைன்மென்ட்டும் பார்த்தாயிற்று. கணினித் திரையில் எல்லாம் சரி. சாலையில் மட்டும் அதே இழுப்பு.

"இன்னாண்ணா, இன்னும் இழுக்குதா?" வண்டிக்காரன் மோசஸ் கேட்டான். "நாலு மணிக்கு அருணா மேடம் ஓட்டிப் பாப்பாங்க. நேரா போலைன்னா வேற வண்டி வெச்சிக்குவாங்க."

அருணா, தொழிற்சாலையில் வண்டிகளைக் கவனிப்பவர். ஷிப்டுக்குப் பெண்களை ஏற்றிச்செல்லும் அந்த ஓட்டத்தை நம்பித்தான் மோசஸ் வீட்டில் அடுப்பு எரிந்தது.

சுப்பராயன் சுவரிலிருந்த முருகன் படத்தின் முன் ஒரு நிமிடம் நின்றார். தப்பு தன்னுடையதானால் அதை ஒப்புக்கொள்ளும் தைரியம் வேண்டும் என்று கேட்டுக்கொண்டார்.

"முன்சக்கரம் ரெண்டையும் பக்கம் மாத்திப் போடலாம், வா."

"அதுல இன்னாண்ணா தெரியும்?"

"இந்தப் பக்கமே இழுத்தா என் வேலைல கோளாறு. அந்தப் பக்கம் இழுத்தா டயர்ல கோளாறு."

மோசஸ் ஏனோ தலையைக் குனிந்துகொண்டான்.

மாற்றிப் போட்டு ஓட்டினார்கள். கார் வலப்பக்கம் இழுத்தது!

"மாட்டிக்கிச்சுடா!" என்று சுப்பராயன் தொடையில் தட்டினார். இறங்கி, இடதிலிருந்து வலதுக்கு வந்த டயரைத் தடவினார். வெளி ஓரம் லேசாகத் தேய்ந்திருந்தது. கண்ணுக்குத் தப்பியது கைக்குச் சிக்கியது. "இது உன் டயர் இல்லியே?"

"வண்டி இங்க நின்னுக்கினு இருந்தப்போ, நீங்க இல்லாத நேரத்துல, பங்ச்சர் கடை தணிகாசலம் அண்ணன் மாட்டிட்டுப் போனாரு. பொம்பளைங்க போற வண்டி, நல்ல டயரா இருக்கட்டும்னு, டப்பு கூட வாங்கலண்ணா. அத்தப் போயி எப்டி குறை சொல்றது?"

"யோவ், ரெண்டு நாளா என்னப் பேஜாராக்கிட்டு, இப்ப வந்து மரியாத பாக்கிறியா!" சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நன்றி மறவாதவனை எப்படிக் கோபிப்பது?

தணிகாசலம் கழற்றி டிக்கியில் போட்டிருந்த பழைய டயரைச் சோதித்தார். இன்னும் நன்றாகவே உழைக்கும். அதை இடது முன்னால் மாட்டி, வலது சக்கரத்தையும் அதன் இடத்துக்கே கொண்டுவந்தார். தணிகாசலம் கொடுத்ததை ஸ்டெப்னியாக வைத்தார். "வீணாவாது. நடுவழில நின்னா உன்ன ஊடு சேக்கும்."

நாலு மணிக்கு அருணா தானே ஓட்டினார். நீண்ட சாலையில் ஒரு கணம் கைகளை எடுத்தார். கார் நூல் பிடித்தாற்போல் நேராகப் போனது.

"நாளைக்குக் காலை ஷிப்டுக்கு வந்துடுங்க, மோசஸ்."

திரும்பும்போது மோசஸ் நேரே பங்ச்சர் கடை வாசலில் நிறுத்தி, நடந்ததைத் தயங்கித் தயங்கிச் சொன்னான். பக்கத்தில் அமர்ந்திருந்த சுப்பராயன் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

"அடப்பாவி!" தணிகாசலம் கையைத் துடைத்துக்கொண்டு பின்கதவைத் திறந்து ஏறினார். "இத்த அன்னிக்கே சொல்றதுக்கின்னா? உடு வண்டிய, நேரா போவுதான்னு நானும் பாக்குறேன்."

மோசஸ் ஒருமுறைக்கு மூன்றுமுறை ஹாரன் அடித்துவிட்டுக் கிளம்பினான்.