பள்ளத் தெரு வால்வு

வேலைநிறுத்தத்தின் ஒன்பதாம் நாள், மத்தியானம் இரண்டு மணிக்குச் சமையலறைக் குழாய் இருமியது. முதலில் காற்று வந்தது, பிறகு துருப்பிடித்த சிவப்புத் தண்ணீர், அப்புறம் நல்ல தண்ணீர். மனைவி தையல் மிஷினை அப்படியே விட்டுவிட்டு, கைக்குக் கிடைத்த பாத்திரத்தையெல்லாம் தூக்கிக்கொண்டு ஓடினாள். அவன் மட்டும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான். மேட்டுத் தெரு, பள்ளத் தெரு இரண்டுக்கும் தண்ணீர் திறந்துவிடுகிறவன் அவன்தான். வால்வைத் திருகும் சாவி, மூன்றடி நீள இரும்பு, அவன் கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது. அப்படியானால் அங்கே திருகிக்கொண்டிருப்பது யார்?

கோபம் வரவேண்டிய இடத்தில் அவனுக்கு வந்தது யாரென்று பார்க்கும் ஆசை. மூன்று வருஷமாக ஏறாத சம்பளத்தைப் பற்றிப் பேசப் போனபோது, பெரிய அதிகாரி சொன்னது ஒரே வரி: திருகுகிற வேலைதானே, அதை யார் வேண்டுமானாலும் செய்யலாம். சரி, செய்யுங்கள் என்று ஊரில் வால்வு திறந்துவிடுகிற அறுபது பேரும் மெயின் வால்வுகளை மூடிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்கள். முதல் இரண்டு நாள் தெருவில் எல்லோரும் அவன் பக்கம் இருந்தார்கள். நாலாம் நாளிலிருந்து சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு போகிறவர்கள் அவனைப் பார்த்ததும் வேறெங்கோ பார்த்தார்கள். முனையில் நோட்டுப் புத்தகம் தைக்கிற பைண்டர் மட்டும் பேச்சை நிறுத்தவில்லை. “என்ன தம்பி, உங்க அதிகாரி எறங்கி வர்றாரா, இல்ல நான் ஊரவிட்டுக் கெளம்பணுமா?” என்று தினமும் காலையில் கேட்பார். குளிக்காத தாடியைச் சொறிந்துகொண்டுதான் கேட்பார். அவன் வீட்டுக்கும் அதே கதிதான். மனைவி இரண்டு குடத்தோடு அடிபம்புக்கு நடந்து நடந்து, தைக்கக் கொடுத்த துணிகள் குவிந்து கிடந்தன. போதும், வேலைக்குப் போங்க என்று ஒரு தடவைகூட அவள் சொல்லவில்லை. அதுவே அவனுக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

பள்ளத் தெருவில் இருந்த அவன் வீட்டுக் குழாயின் சத்தம் ஏறியது. இருபது எண்ணுவதற்குள் இன்னும் ஏறியது. அக்கம்பக்கத்தில் பூட்டிய வீடுகளிலும் தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. வந்தால் தெரியட்டும் என்று எல்லோரும் குழாயைத் திறந்தே வைத்துவிட்டு வேலைக்குப் போயிருந்தார்கள்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. முனையில் உள்ள குழியில் மூன்று வால்வுகள். ஒன்று மெயின், ஒன்று மேட்டுத் தெருவுக்கு, ஒன்று பள்ளத் தெருவுக்கு. பள்ளத்துக்கு நாலே சுற்றுதான் திறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மொத்தத் தண்ணீரும் கீழே ஓடிவிடும், மேட்டுக்காரன் குழாயில் காற்றுதான் வரும். மேட்டுக்காரன் கத்துவான். கத்தினால் எவனும் பள்ளத்து வால்வை வலப்பக்கம் திருகி இறுக்கத்தான் பார்ப்பான். ஆனால் அந்த ஒரு வால்வு தலைகீழ். எப்போதோ பழையது உடைந்தபோது வேறு ஏதோ கம்பெனியின் வால்வை மாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். வலப்பக்கம் திருகினால் திறக்கும். இறுக்க இறுக்கத் தண்ணீர் கூடுகிறதே என்று இந்நேரம் குழியில் இருக்கிறவன் இன்னும் பலமாக இறுக்கிக்கொண்டிருப்பான்.

தனியாக உட்கார்ந்து சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது. பைண்டர் கடைச் சுவரை ஒட்டித்தான் குழாயின் பழைய இணைப்பு இருக்கிறது. ஆபீஸில் மூன்று முறை எழுதிக் கொடுத்தும் யாரும் வராமல், அவனே சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டிய இணைப்பு. நாலு சுற்றுக்குத் தாங்கும். கடை ரோட்டைவிட மூன்று படி கீழே. தரை முழுக்கப் பேப்பர்.

அவன் சட்டையை மாட்டினான். மனைவி குடத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“பாக்கத்தான போறீங்க?”

“பாக்கத்தான்.”

“கை ரெண்டையும் சட்டைப் பைக்குள்ளயே வெச்சுக்கோங்க.”

குழிக்குள் கழுத்தளவுக்கு இறங்கி நின்றது அவனுடைய சூப்பர்வைசர். பேண்டை முட்டிவரை சுருட்டி, பெரிய ரென்ச் ஒன்றை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். பதினோரு வருஷமாக அவனுடைய வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவர். அவர் குழிக்குள் இறங்கி அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. உள்ளங்கை தோலுரிந்து சிவந்திருந்தது. மேட்டுத் தெருக்காரர்கள் இரண்டு முறை வந்து கத்திவிட்டுப் போயிருந்தார்களாம்.

“நீ தொட வேணாம்ப்பா. எத்தன சுத்துன்னு மட்டும் சொல்லு, நான் பாத்துக்கறேன்.”

“யார் வேணா செய்யலாம்னாங்களே சார்.”

“நானா சொன்னேன்? எனக்கு மட்டும் ஏத்திக் குடுத்தானுங்களா?”

அவன் கை இரண்டையும் பைக்குள்ளேயே வைத்திருந்தான். இடப்பக்கம் என்று சொன்னால் ஒரு வார்த்தையில் முடிந்துவிடும். ஆனால் நாளைக்கு இந்தக் குழி, நாளன்றைக்கு அடுத்த குழி என்று சூப்பர்வைசர்களே திறந்துவிடுவார்கள். அறுபது பேர் வீட்டில் உட்கார்ந்திருந்ததற்கு அர்த்தமே இருக்காது. சொல்லாவிட்டால், காலால் மிதிக்கிற பூமிக்கு ஓரடி கீழே ஒரு டியூப் உப்பிக்கொண்டிருக்கிறது. சூப்பர்வைசர் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு கால் சுற்று, வலப்பக்கமே.

அவன் திரும்பிப் பைண்டர் கடைக்குள் மூன்று படி இறங்கினான். பைண்டர் ஊசியும் நூலுமாக உட்கார்ந்திருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால், ரோட்டுப் பக்கச் சுவரில் முட்டி உயரத்தில் ஈரம் ஒரு தட்டு அளவுக்குப் படர்ந்திருந்தது. அதை அவர் இன்னும் பார்க்கவில்லை.

“அண்ணே, பேப்பரையெல்லாம் மேல ஏத்துங்க.”

“தண்ணி வந்துருச்சே, பாத்தியா? நீங்க இல்லாட்டியும் வருது” என்றார் பைண்டர். அப்புறம்தான் அவன் முகத்தைப் பார்த்தார். “எதுக்கு ஏத்தணும்?”

அவன் ஒரு பேப்பர்க் கட்டைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு படியேறினான். குழியைத் தாண்டி, எதிர்ச் சுவரோரமாக உலர்ந்த இடத்தில் இறக்கினான். இரண்டாவது கட்டோடு அவன் ஏறியபோது பைண்டர் ஊசியைக் காதில் செருகிக்கொண்டு, இன்னொரு கட்டோடு பின்னால் வந்தார். ஏன் என்று அவர் மறுபடி கேட்கவில்லை, ஆனால் மூச்சுக்கு மூச்சு யாரையோ திட்டினார். யாரை என்பது தெளிவாக இல்லை.

சூப்பர்வைசரின் தலை மட்டும்தான் ரோட்டுக்கு மேலே தெரிந்தது. பேப்பர் கட்டுகள் அவருடைய கண்ணெதிரே ஒவ்வொன்றாகக் கடந்து போயின. நாலாவது கட்டு போனபோது ரென்ச் நின்றது. ஐந்தாவதை அவர் கண் பின்தொடர்ந்தது. அப்புறம் கடையைப் பார்த்தார், அவன் தோளைப் பார்த்தார், குனிந்து தன் கையையே பார்த்தார். ரென்ச்சை வால்விலிருந்து கழற்றி, மெல்லத் திருப்பி, இடப்பக்கம் திருகத் தோதாக மாட்டினார். மாட்டிவிட்டுத் திருகாமல், சரிதானா என்பதுபோல், அடுத்த கட்டோடு அவன் படியேறி வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.